சமைத்தவரை மறக்கலாமா?



போன மாதம் சாரணியர் முகாமுக்காக எங்கள் டீச்சர் ஒவ்வொரு அணிக்கும் ஓர் ஊரைக் கொடுத்து, "அங்க இருக்கிறவங்க முகாம் போனா ராத்திரிக்கு என்ன சமைப்பாங்கன்னு சார்ட்ல எழுதுங்க" என்றார். எங்கள் அணிக்கு வந்தது அமெரிக்காவின் தென் மாநிலங்கள். பர்கரும் பீட்சாவும்தான் இருக்கும் என்று நினைத்தோம். ஆனால் படிக்கப் படிக்க ஒரே ஆச்சரியம்!

அங்கே முகாம் சமையலுக்கு மூன்று கால் வைத்த கனமான இரும்புச் சட்டி இருக்கிறது. அதை டச்சு அவன் என்கிறார்கள். அதன் மூடிக்கு விளிம்பு உண்டு. சட்டிக்கு அடியிலும் தணல், மூடிக்கு மேலேயும் தணல். ரொட்டி சுட வேண்டுமானால் மேலே தணல் அதிகமாகவும் கீழே குறைவாகவும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடி கருகிப் போகும். மக்காச்சோள மாவில் மோர் ஊற்றிக் கரைத்து ரொட்டி சுடுவார்கள். கெளுத்தி மீனை அதே மாவில் புரட்டிப் பொரிப்பார்கள். பயறு வேகவைப்பார்கள். கடைசியில் பீச் பழத்தின் மேல் மாவை மூடி இனிப்பு செய்வார்கள். சட்டியைக் கழுவியதும் எண்ணெய் தடவி வைப்பார்கள். நம்ம வீட்டு தோசைக்கல் பழக்குகிற மாதிரியே!

எல்லாவற்றையும் கலர் பென்சிலில் வரைந்து சார்ட்டை முடித்துவிட்டோம். அப்போது டீச்சர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எல்லாம் சரி, இதையெல்லாம் முதல்ல சமைச்சது யாரு?" எங்களுக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தோம்.

மக்காச்சோளம் அந்த மண்ணின் பூர்வகுடி மக்கள் கொடுத்தது. அவர்கள் சமையலில் சேரும் வெண்டைக்காயும், நாம் தட்டப்பயறு என்று சொல்லும் காராமணியும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. எப்படி வந்தன தெரியுமா? மனிதர்களையே அடிமைகளாகப் பிடித்துக் கொண்டுபோன காலத்தில் வந்தன. தெற்கு கரோலினாவில் நெல் வயலில் இறங்கி உழைத்ததும் அந்த ஆப்பிரிக்க மக்கள்தான். பெரிய பண்ணை வீடுகளில் அடுப்பு முன்னால் நின்று, இதே மாதிரி இரும்புச் சட்டியில் சமைத்தவர்களில் பெரும்பாலோரும் அவர்களே. இன்று முகாமில் ஜாலிக்காகச் செய்வது அன்று அவர்களுக்குத் தினசரி வேலை. சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது.

ஜேம்ஸ் ஹெமிங்ஸ் என்று ஒருவர். தாமஸ் ஜெபர்சன் வீட்டில் அடிமையாக இருந்தவர். 1784-இல் ஜெபர்சன் அவரைப் பாரிசுக்கு அழைத்துப் போய் பிரெஞ்சு சமையல் படிக்க வைத்தார். பிற்பாடு விடுதலை கேட்டபோது, "உன் சமையலை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போ" என்று நிபந்தனை. தன் தம்பிக்கே சொல்லிக் கொடுத்துவிட்டு 1796-இல்தான் விடுதலை ஆனார். மனிதர்கள் எல்லாரும் சமம் என்று எழுதிய தலைவரின் வீட்டிலேயே இப்படி!

அபி ஃபிஷர் என்ற அம்மாவும் அடிமையாகப் பிறந்தவர்தான். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் 1881-இல் அவர் பெயரில் தென் மாநிலச் சமையல் புத்தகம் வெளிவந்தது. அவர் வாயால் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். எனக்கு இவரை ரொம்பப் பிடித்துவிட்டது. ஏனென்றால் சமைத்த எத்தனையோ லட்சம் பேருக்குப் பெயரே இல்லாமல் போனபோது, இவர் பெயராவது நின்றது.

இதைப் படித்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் முகாமில் கொடி ஏற்றியது யார், கூடாரம் அடித்தது யார் என்று போர்டில் பெயர் எழுதியிருந்தது. சாம்பார் சாதம் வைத்தவர்கள் பெயர் மட்டும் இல்லை. கேம்ப் ஃபயர் பாட்டு நடக்கும்போது நாங்கள் நாலு பேர் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தோம். சாப்பிட்டவர்கள் "சூப்பர்"னு சொன்னார்கள். யார் சமைச்சாங்கன்னு ஒருத்தரும் கேட்கவில்லை.

சரி, மற்றவர்களைச் சொல்கிறேனே, நான் மட்டும் ஒழுங்கா? இத்தனை வருஷமாக மத்தியானம் சத்துணவு சாப்பிடுகிறேன். சமைக்கிற ஆயா பெயர் எனக்குத் தெரியாது! வகுப்பில் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. "ஆயா"ன்னு கூப்பிட்டால் வருவார், அவ்வளவுதான்.

ஒரு தோழி சொன்னாள், "அவங்கதான் சம்பளம் வாங்குறாங்கல்ல, அப்புறம் என்னடி?" என்று. உண்மைதான். நம் ஆயா அடிமை இல்லை, அரசுச் சம்பளம் வாங்குபவர். அந்தக் கொடுமையையும் இதையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் சம்பளம் வேலைக்கு. பெயர் சொல்லி நன்றி சொல்வது மனுஷிக்கு. நம் ஆசிரியர்களும்தான் சம்பளம் வாங்குகிறார்கள். அவர்கள் பெயர் தெரியாமலா இருக்கிறோம்?

என் கருத்து இதுதான். அடுத்த முகாமில் சமையல் அணியின் பெயரும் போர்டில் வர வேண்டும். அந்த அணியில் மாணவர்களும் இருக்க வேண்டும். ஹெமிங்ஸ் ஆண்தானே! அண்டா தேய்ப்பதும் முறை வைத்து நடக்க வேண்டும்.

எங்கள் சார்ட்டில் ஹெமிங்ஸ், ஃபிஷர் இருவர் பெயரையும் மேலே பெரிதாக எழுதிவிட்டோம். நேற்று ஆயாவிடமும் பெயர் கேட்டேன். "எதுக்கு பாப்பா?" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். இன்று மணி அடித்ததும் தட்டோடு போய் நீங்களே கேளுங்கள்.

உண்போம், உணவிட்டவரை நினைப்போம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி