நீரில் குறைந்த மருந்து எங்கே போனது?

மருத்துவமனைக் கழிவுநீரோடு உள்ளே வந்த சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி, சுத்திகரித்த நீரில் பெருமளவு குறைந்திருந்தால் ‘நீக்கம்’ என்று பதிவு செய்கிறோம். அந்தச் சொல் நம்மை ஏமாற்றுகிறது. அம்மருந்தின் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் சிதைப்பதில்லை. அது கசட்டில் ஒட்டிக்கொண்டு வேறு வழியாக வெளியேறுகிறது. டெட்ராசைக்ளினும் அப்படித்தான். அமாக்சிசிலினோ உண்மையாகவே அழிகிறது. அதன் பீட்டா-லாக்டம் வளையத்தைப் பாக்டீரியாவின் நொதிகள் உடைத்துவிடுகின்றன. சல்ஃபாமெத்தாக்சசோல் இன்னும் சிக்கலானது. நோயாளியின் உடலில் அசெட்டைல் ஏறி வெளிவரும் அதன் ஒரு பகுதி, தொட்டியில் மீண்டும் மூல மருந்தாகிவிடுகிறது. நுழைந்ததைவிட வெளியேறியது கூடுதல் என்று ஆய்வகம் சொன்னாலும் வியப்பில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இந்த வேறுபாடு வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. வெள்ளாற்றில் ஆண்டு முழுதும் நீர் ஓடுவதில்லை. பாசனம் பெரிதும் மழையையும் கண்மாயையும் நம்பியது. நீர்த்துப்போகச் செய்யப் பேராறு இல்லாத ஊரில், கழிவுநீர் போகும் வாய்க்காலும் கசடு எருவாகப் போகும் வயலும்தான் மருந்தின் இறுதி இடங்கள். 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் வெளியேறும் நீருக்கு லிட்டருக்கு பிஓடி 30, சிஓடி 250 மில்லிகிராம் என வரம்பு வைக்கின்றன. 96 மணி நேர மீன் சோதனையும் கேட்கின்றன. நுண்ணுயிர்க்கொல்லிக்கு அதில் வரம்பில்லை.

நீரிலும் கசட்டிலும் எஞ்சும் சிறிய அளவு மருந்து என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் சிப்ரோஃப்ளாக்சசினே எதிர்ப்புத்திறன் கொண்ட ஈ.கோலையை மற்றவற்றை முந்தவிடும் என்று 2011-இல் வெளிவந்த சோதனைகள் காட்டின. மருந்தை உடைக்கும் நொதியே எதிர்ப்புத்திறனின் கருவி அல்லவா என்பது இதைவிடக் கனமான கேள்வி. ஆம், பீட்டா-லாக்டமேஸ் இரண்டுமே. அதனால்தான் சிதைவு நடந்த தொட்டியின் கசட்டையும் பாதுகாப்பானது என்று கருத முடியாது.

செலவு உண்மையான தடை; மருந்து அளக்கும் கருவி ஒவ்வொரு நிலையத்துக்கும் வராது. ஆனால் கசட்டின் வயதை, அதாவது அது தொட்டியில் தங்கும் நாள்களை, கணக்கிடப் பணம் வேண்டாம். வயது கூடிய கசட்டில்தான் மெதுவாக வளரும் நைட்ரேற்றும் பாக்டீரியாக்கள் தங்கும்; அந்தக் கசட்டில் டிரைமெத்தோபிரிம் கூடுதலாகச் சிதைகிறது. குளிர்நாடுகளில் அரும்பாடுபட்டு வளர்க்கும் அவை நம் வெப்பத்தில் அங்கைவிட விரைவாகவே பெருகும். அமோனியா அளவே அவை இருப்பதைச் சொல்லிவிடும். அதோடு, அன்றன்று வெளியேற்றிய கசடு எவ்வளவு, எந்த வயலுக்குப் போனது என்பதற்குப் பதிவேட்டில் ஒரு பத்தி திறப்போம்.