தங்காலைக் கடந்து செல்வோர்

இலக்கிய அன்பர்கள் காரில் ஊர்சுற்றி வந்து எழுதும் கட்டுரைகளில் ‘யாரும் அறியாத’ என்னும் தொடர் மலிந்துவிட்டது. யாரும் அறியாத கோயில். யாரும் அறியாத திருவிழா. ஆடிக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடி மாரியம்மனை நாடி இலட்சக்கணக்கானோர் வருகின்றனர். அவர்களுள் நடந்தே வருவோர் பலர். அத்திருவிழாவைத் தாம் ‘கண்டுபிடித்ததாக’ ஒருவர் எழுதுவாராயின், அந்த இலட்சம் பேரும் அவர் கணக்கில் யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நம் வருத்தம் அதனினும் பெரிது. தேடிக் காண வேண்டிய ஒன்று அதே வட்டாரத்தில் இருக்க, இவ்வன்பர்கள் அதனைத் திரும்பியும் பாராது கடந்துவிடுகின்றனர்.

இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கலக்கும் அர்ச்சுனா ஆற்றின் வழியே மேலே சென்றால் ஆனைக்குட்டம். அங்கே அவ்வாற்றின் குறுக்கே அணை உள்ளது. ‘குட்டம்’ என்பது ஆழமான நீர்நிலையைக் குறிக்கும் பழஞ்சொல். யானையும் மூழ்கும் ஆழம் என்று பொருள்கொள்ள இடந்தரும் ஊர்ப்பெயர், கரிசற்காட்டு வெயிலில் நிற்கிறது! அங்கிருந்து சிவகாசி செல்லும் வழியில் திருத்தங்கல். நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றென்பதால் நின்ற நாராயணப் பெருமாளைச் சேவிக்க வருவோர் உண்டு. இலக்கியம் பேசுவோரோ, பட்டாசுப் பெட்டி வாங்கும் அவசரத்தில் சிவகாசிக்கு விரைகின்றனர்.

சங்கத் தொகைகளில் ‘தங்கால்’ என்று வழங்கும் ஊர் இதுவே என்பது அறிஞர் பலர் கொண்ட முடிபு. திருமகள் தங்கியதால் திருத்தங்கல் என்று தலபுராணம் கூறும். ஆயின் புலவர் பெயர்களிலும் சிலம்பிலும் ‘திரு’ இல்லாத தங்காலே காணப்படுகிறது. நற்றிணை 313ஆம் பாடலைப் பாடியவர் தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார். புறநானூறு 326, அகநானூறு 355 ஆகியன தங்கால் பொற்கொல்லனார் பெயரில் உள்ளன. குறுந்தொகை 217 தங்கால் முடக்கொல்லனார் பாடியது. நற்றிணை 386 தங்கால் ஆத்திரேயன் செங்கண்ணனார் பாடியது. உலைக்களத்தாரும் மறையோரும் ஒருசேரத் தமிழ் பாடிய சிற்றூர்கள் எத்தனை இருக்கும்?

சிலம்பின் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம், பாண்டியர் முறைதவறியவர் அல்லர் என்பதற்குக் கண்ணகியிடம் காட்டும் சான்றும் இவ்வூரே. சேரனிடம் பரிசில் பெற்றுத் திரும்பிய பராசரன் தங்காலின் போதிமன்றத்தில் தங்குகிறான். அங்கு விளையாடிய சிறுவருள் மழலை மாறாத தக்கிணன் என்பான் பிழையின்றி மறையோதக் கேட்டு மகிழ்ந்து, அணிகலன்களை அவனுக்கு அளித்துச் செல்கிறான். அவற்றைப் புதையல் எடுத்த பொருளென்று பழித்து, அரச ஏவலர் சிறுவனின் தந்தை வார்த்திகனைச் சிறையில் இடுகின்றனர். அவன் மனைவி கார்த்திகை நிலத்தில் விழுந்து புலம்புகிறாள். கொற்றவை கோயிற்கதவு திறவாதாகிறது. உண்மை அறிந்த மன்னன் தங்காலையும் வயலூரையும் வார்த்திகனுக்கு வழங்கி, அவன்முன் மண்ணில் வீழ்ந்து வணங்குகிறான். அத்தோடு நில்லாது, சிறைக்கதவுகள் அனைத்தையும் திறக்கவும், இட்ட பொருளும் புதையற்பொருளும் பெற்றவர்க்கே உரியவென்று யானைமேல் முரசறையவும் ஆணையிடுகிறான்.

கோவலனைக் கள்வனென்று கொன்ற கதைக்கு நேர் எதிரே இளங்கோ வைத்த கண்ணாடி இது. இதனை நம் வகுப்பறைகளில் ‘கிளைக்கதை’ என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகின்றனர். பொற்கொல்லன் என்றதும் சிலம்பு திருடிய வஞ்சகனை மட்டுமே மாணவர்க்கு நினைவூட்டுகின்றனர். கண்ணகிக்காகப் பொற்கொல்லர் ஆயிரவரை வெற்றிவேற்செழியன் பலியிட்டான் என்னும் உரைபெறு கட்டுரைச் செய்தியையும் கூச்சமின்றிக் கடக்கின்றனர். அக்குலத்தார் பாடிய செய்யுள்கள் சங்கத் தொகைகளில் இருப்பதை யார் சொல்வது? பழி ஒரு குலத்தின்மீது தங்கிவிட்டது. பாட்டு தேர்வுக்குரிய பாடப்பகுதியில் இல்லாததால் தொலைந்தது.

தீபாவளிக்கு முந்தைய வாரமும் வெடிவிபத்தின் மறுநாளும் மட்டுமே செய்தியாகும் வட்டாரம் இது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது வந்த படப்பிடிப்பு வண்டிகள் பிறகு எத்தனை முறை வந்தன? வெம்பக்கோட்டையில் 2022இல் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியபின் சிலர் எட்டிப் பார்க்கின்றனர், நன்று. ஆயின் குழி தோண்டாமலே கிடைத்த தங்காலுக்கு மண்வெட்டி வேண்டியதில்லை, நற்றிணையும் சிலம்பும் கையிலிருந்தால் போதும். பூம்புகாருக்கும் மதுரைக்கும் மாணவரை ஏற்றிச் செல்லும் தமிழ்த்துறைப் பேருந்து, மதுரையிலிருந்து இன்னும் இரண்டு மணிநேரம் தெற்கே ஓடினால் திருத்தங்கல் குன்றின் அடிவாரத்தில் நிற்கும். அங்கே இறங்கிப் போதிமன்றம் எவ்விடத்தில் இருந்திருக்கும் என்று மாணவர் வாதிடட்டும்.