தற்கொலை என்றால் விசாரணை முடிந்துவிட்டதா?

சகோதரர்களே! உங்கள் தெரு வாலிபன் ஒருவன் இரவு வீடு திரும்பவில்லை. மறுநாள் ரயில் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடக்கிறான். ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வருகிறார். "லவ் மேட்டர் போல இருக்கு பாய், தற்கொலைதான். இதில் ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று தாளை நீட்டுகிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?

நம்மில் பெரும்பாலோர் போட்டுவிடுவோம். வம்பு வேண்டாம், ஸ்டேஷன் வாசலை மிதிக்க வேண்டாம், கடையைத் திறக்க வேண்டும் என்ற கவலை நமக்கு. அந்தக் கையெழுத்தோடு ஒரு மனிதனின் மரணம் கோப்புக்குள் அடக்கம் செய்யப்படுகிறது.

கொல்கத்தாவில் 2007ல் நடந்ததைப் பாருங்கள். ரிஸ்வானுர் ரஹ்மான் என்ற 30 வயது வாலிபர், கணினி வரைகலை ஆசிரியர், திலஜலா பகுதியின் எளிய குடும்பத்துப் பிள்ளை. பெரும் தொழிலதிபர் ஒருவரின் மகளை ஆகஸ்ட் 18ல் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவுத் திருமணம் செய்தார். இருவரும் வயது வந்தவர்கள். சட்டப்படி எவருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அல்ல. ஆனால் காவல்துறைத் தலைமையகமான லால்பஜாருக்கு அவர்கள் திரும்பத் திரும்ப அழைக்கப்பட்டார்கள். ஒரு திருமணத்தில் போலீசுக்கு என்ன வேலை? செப்டம்பர் 8ல், ஒரு வாரத்தில் திரும்பிவிடுவார் என்ற உறுதியோடு அந்தப் பெண் தந்தை வீட்டுக்கு அனுப்பப்பட்டார். திரும்பவில்லை. மனித உரிமை அமைப்பிடம் முறையிட்டார் ரிஸ்வானுர். செப்டம்பர் 21ல் ரயில் பாதையோரம் அவருடைய உடல் கிடந்தது.

விசாரணை முடியும் முன்பே மாநகரக் காவல் ஆணையர் பிரசூன் முகர்ஜி பத்திரிகையாளர்களைக் கூட்டித் தற்கொலை என்று அறிவித்தார். தம் அதிகாரிகள் அந்தத் திருமணத்தில் தலையிட்டதையும் நியாயப்படுத்திப் பேசினார். எந்த அலுவலகம் அந்த வாலிபரைக் கூப்பிட்டு மிரட்டியதாகக் குற்றச்சாட்டோ, அதே அலுவலகத்தின் தலைவர் அவருடைய மரணத்துக்குத் தீர்ப்பும் எழுதினார்!

நகரம் கொதித்தது. ரிஸ்வானுர் படித்த செயின்ட் சேவியர் கல்லூரி வாசலில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதமில்லாமல் மெழுகுவர்த்தி ஏந்தி நின்றார்கள். அக்டோபர் 16ல் உயர்நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. மறுநாளே ஆணையரும் உயரதிகாரிகள் சிலரும் பதவியிலிருந்து அகற்றப்பட்டார்கள்.

சி.பி.ஐ. என்ன சொன்னது என்பதைத்தான் நிதானமாகக் கவனிக்க வேண்டும். அதுவும் கொலை என்று சொல்லவில்லை. தற்கொலை என்றுதான் சொன்னது. ஆனால் தற்கொலைக்குத் தூண்டிய குற்றம் நடந்திருக்கிறது என்று கூறி, பெண் வீட்டாரோடு போலீஸ் அதிகாரிகளையும் சேர்த்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஆணையர் உச்சரித்ததும் அதே சொல்தான். அவர் அந்தச் சொல்லைக் கதவாக்கி மூடினார்; இவர்கள் அங்கிருந்து விசாரணையைத் தொடங்கினார்கள். சாகும் அளவுக்கு அவனை விரட்டியது யார் என்ற கேள்வி, தற்கொலை என்று சொன்ன பிறகும் உயிரோடுதான் இருக்கிறது.

அதற்கு ஓராண்டு முன்பு, 2006 செப்டம்பர் 22ல், பிரகாஷ் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பு தந்திருந்தது. சட்டம் ஒழுங்குப் பணியையும் புலன்விசாரணையையும் பிரியுங்கள். போலீசார் மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் அமையுங்கள் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. பந்தோபஸ்துக்கு ஓடும் அதே இன்ஸ்பெக்டர்தான் பிணத்தையும் பார்க்க வேண்டும் என்றால் விசாரணை எப்படி உருப்படும்? காவல்துறையில் நேர்மையானவர்கள் இல்லாமல் இல்லை. அவர்களுக்கே நேரம் கிடைப்பதில்லை.

சரி, நம் பக்கம் வருவோம். மர்ம மரணங்களுக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174வது பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் அது 194வது பிரிவு. அக்கம்பக்கத்து மரியாதைக்குரியவர்கள் இரண்டு பேராவது முன்னிலையில் உடலைப் பார்த்து, காயங்களைக் குறித்து, மரணத்தின் காரணம் என்னவாகத் தோன்றுகிறது என்று எழுத வேண்டும். அந்த அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். அதில் யார் கையெழுத்திட வேண்டும் என்கிறது சட்டம்? அதை ஒத்துக்கொள்கிறவர்கள் மட்டும்! வணிகப் பெருமக்களே, பஞ்சாயத்தாராக உங்களைத்தான் அழைக்கிறார்கள். எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கழுத்தில் காயம் இருந்து அது எழுதப்படவில்லை என்றால் ஒத்துக்கொள்ள முடியாது என்று சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், சிலருக்குக் கசக்கும். மய்யித்தைச் சீக்கிரம் அடக்க வேண்டும் என்ற நம்முடைய அவசரம், விசாரிக்க மனமில்லாத அதிகாரிக்கு வசதியாகிவிடுகிறது. "அறுக்காமல் தந்துவிடுங்கள்" என்று ஜமாஅத் பெரியவர்களே போய்க் கெஞ்சும் நிலை இருக்கிறது. மய்யித்தின் கண்ணியம் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் உண்மையை அறியும் தேவைக்காகப் பிரேதப் பரிசோதனைக்கு அனுமதி உண்டு என்பது மார்க்க அறிஞர்கள் பலருடைய கருத்து. சந்தேகம் இருக்கும்போது அதைத் தடுப்பது கொன்றவனுக்குச் செய்யும் உபகாரம். பரிசோதனையை வீடியோ எடுக்கும்படி உறவினர்கள் எழுத்து மூலம் கேளுங்கள். அடக்கம் ஒரு நாள் தள்ளிப் போகட்டும்.

குற்றம் நடந்ததாகத் தெரியவரும் தகவல் கிடைத்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013ல் லலிதா குமாரி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. ஸ்டேஷனில் மறுத்தால் புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் இருக்கிறது. வாய்ச்சொல்லாக எதையும் விட்டுவராதீர்கள்.

வாலிபர்களே! ஆவேசமாக ரோட்டில் உட்காருவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கடைகளில் உள்ள கண்காணிப்பு கேமராவின் பதிவுகள் சில நாட்களில் தானாகவே அழிந்து, அதன் மேல் புதிய பதிவு ஏறிவிடும். விசாரணை அதிகாரி சாவகாசமாக வந்து கேட்கும்போது அங்கே எதுவும் இருக்காது. ஆகவே உடல் கிடைத்த அன்றே அந்த வழியில் எத்தனை கடை, எத்தனை கேமரா என்று எண்ணுங்கள். பதிவை அழியாமல் வைக்கும்படி கடைக்காரரிடம் சொல்லுங்கள். அந்த கேமராக்களைப் பட்டியலிட்டு, பதிவுகளைக் கைப்பற்றக் கோரும் மனுவை விசாரணை அதிகாரியிடம் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.