உல்கைக் கேட்காத ஒப்போலை

2024ஆம் ஆண்டு அக்தோபர்த் திங்கள் 15ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற தொனால்டு திரம்பு சிகாகோ நகரில் ஓர் அவையில் பேசினார். இறக்குமதி வரியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அகரமுதலியில் மிக அழகிய சொல் என்றார். அகரமுதலியைப் பற்றி எவர் பேசினும் தமிழ்ப்புலவன் காது கொடுப்பான். அச்சொல்லுக்கு நேர்ச்சொல் தேடி நாம் அலைய வேண்டுவதில்லை. உல்கு என்பதே அது. திருவள்ளுவப் பெருந்தகை ‘பொருள் செயல்வகை’ அதிகாரத்தில், வேந்தனுக்குரிய பொருள்களுள் ஒன்றாக உல்கினை வைத்தார். கடலினின்று கரையேறிய பண்டத்தின் மேலும், கரையினின்று கடலுக்குச் சென்ற பண்டத்தின் மேலும் புகார்த்துறையில் புலிப்பொறி இடப்பட்டதைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. அன்று துறையும் நம்முடையது, பொறியும் நம்முடையது, உல்கும் நம்முடையது. இன்று தூத்துக்குடித் துறை மட்டுமே நம் மண்ணில் இருக்கின்றது. பொறி தில்லியின் கையில் இருக்கின்றது. பறிபோனது பெரிய பொருள். அதனினும் பெரிய இழிவு ஒன்றுண்டு. பறித்தவர் நம் வாயிலுக்கு ஒப்போலை கேட்டு வரும்பொழுதுகூட, அதைப் பற்றி நாம் ஒரு சொல் கேட்பதில்லை.

சிகாகோவில் ஒருவர் புகழ்ந்த சொல் மதுரையில் நம்மை என்ன செய்யும் என்று கருதாதீர்கள். 2025 ஆகத்து 7ஆம் நாள் இந்தியப் பண்டங்களின்மேல் அமெரிக்கா 25 விழுக்காடு உல்கு இட்டது. உருசிய எண்ணெயை வாங்கியதைச் சுட்டி, அதே திங்கள் 27ஆம் நாள் அதனை 50 விழுக்காடாக்கியது. திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினை வாங்கி வந்த நாடு அது. கொள்முதல் ஆணைகள் நின்றன, சில தள்ளிப்போயின. மதுரைச் சுற்றுப்புறத்துச் சிற்றூர்களிலிருந்து பெற்றோர் திருப்பூருக்குப் பிழைக்கச் சென்றுவிட, பாட்டன் பாட்டியரிடம் வளரும் பிள்ளைகள் எம் வகுப்பில் உளர். அம்மாவுக்கு மிகைநேர வேலை இல்லை, ஆதலால் இக்கிழமை பணம் வரவில்லை என்று ஒரு பிள்ளை கூறுகின்றது. அப்பிள்ளைக்கு உலக வணிகம் என்பது பாடநூலின் ஒரு பக்கம் அன்று; அடுப்பங்கரையின் ஒரு வேளைச் சோறு.

திரம்பு அதை மறைவாகச் செய்தாரில்லை. தேர்தல் மேடைதோறும் சொல்லி, ஒப்போலை வாங்கி, பின்னர்ச் செய்தார். அவர் செய்தது அறமா, அறிவா என்பது வேறு வினா. அந்நாட்டு மக்கள் தங்கள் உல்கு இன்னவாறு ஆகப்போகின்றது என்று கேட்டறிந்தே ஒப்போலை இட்டார்கள் என்பது மட்டும் உண்மை. அவ்வுல்கு ஏறியபொழுதும் நம்மை எவரும் கேட்டாரில்லை, இறங்கினாலும் கேட்கப்போவதில்லை.

அதற்குத் தில்லி என்ன விடை சொல்லியது? பஞ்சின்மேல் இருந்த 11 விழுக்காட்டு இறக்குமதி உல்கினை 2025 ஆகத்து 19 முதல் நிறுத்தி வைத்தது; செப்தம்பர் இறுதி வரை என்றது, பின்னர்த் திசம்பர் இறுதி வரை நீட்டியது. ஆலைகளுக்கு அயல்நாட்டுப் பஞ்சு மலிவாகக் கிடைத்தது. நூற்பாலைகள் பிழைக்கட்டும், அதனை யாம் மறுக்கவில்லை. ஆனால் திருமங்கலத்திலும் பேரையூரிலும் வானம் பார்த்த கரிசலில் பருத்தி விதைப்பவன் நிலை என்ன? அமெரிக்கத் தேர்தலுக்குத் தண்டம் கட்ட வேண்டியவன் அவனா? இன்னுமொன்று: அந்தப் பதினொன்றில் அடிப்படை உல்கு 5 விழுக்காடே, எஞ்சியவை மேல்வரிகள். மேல்வரியில் மாநிலங்களுக்குப் பங்கில்லை. வாங்கும்பொழுதும் தில்லிக்கு, விடும்பொழுதும் தில்லியின் விருப்பு.

“உழவன் கேட்டால் தில்லி இறங்குமா?” என்பீர்கள். இறங்கும். வெங்காயத்தைப் பாருங்கள்.

2023 ஆகத்து 19ஆம் நாள் வெங்காய ஏற்றுமதியின்மேல் 40 விழுக்காடு உல்கு இடப்பட்டது. அதே ஆண்டு திசம்பர் 8 முதல் ஏற்றுமதியே தடுக்கப்பட்டது. மார்ச்சுடன் முடியும் எனப்பட்ட தடை, 2024 மார்ச்சு 22இல் மறு ஆணை வரையென நீட்டப்பட்டது. தமிழ்நாடு ஏப்பிரல் 19ஆம் நாள் தடை இருக்கையிலேயே ஒப்போலை இட்டது. அடுத்து நடந்ததைக் காண்மின். ஏப்பிரல் 25: குசராத்து வெள்ளை வெங்காயம் 2,000 தன் வரை ஏற்றுமதியாக இசைவு. குசராத்தில் ஒப்போலை நாள் மே 7. பின்னர் மே 4: தடை நீக்கம், 40 விழுக்காட்டு உல்கு நின்றது. வெங்காய நிலமாகிய நாசிக்கில் ஒப்போலை நாள் மே 20. அவ்வளவு செய்தும் மராட்டிய உழவர் சினம் தணியவில்லை. நாசிக்கை அடுத்த திந்தோரித் தொகுதியில் நடுவண் அமைச்சர் ஒருவரே தோற்றார். செப்தம்பர் 13இல் அவ்வுல்கு 20 விழுக்காடாகக் குறைந்தது. மராட்டியச் சட்டமன்றத் தேர்தல் நவம்பர் 20. கருநாடகத்தாரும் வாளாவிருக்கவில்லை. தங்கள் பெங்களூர் உரோசு வெங்காயத்திற்கு 2023 செப்தம்பரிலேயே உல்கு விலக்குப் பெற்றுவிட்டனர்.

தேர்தல் நாட்காட்டியையும் உல்கு ஆணைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே கையால் எழுதியவை போல் இல்லையா? நாசிக் உழவன் பட்டம் பெற்றவன் அல்லன். வெங்காய மூட்டையின் விலை எங்கே முடிவாகின்றது என்பதை அறிந்தவன்; அதை முடிவு செய்பவன் வாயிலுக்கு வரும்பொழுது வழிமறித்துக் கேட்டவன். அவ்வளவே.

நாமோ? 2009 சனவரி 9ஆம் நாள் இடைத்தேர்தலுக்குப் பின் நம் மதுரை மாவட்டத்துத் திருமங்கலம் இந்தியா முழுவதும் பெயர் பெற்றது. எதற்கு? பருத்திக்கா? தமிழுக்கா? பணத்தாள் மடித்த உறைக்கு! 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சையிலும், 2017இல் சென்னை இராதாகிருட்டிணன் நகரிலும், 2019இல் வேலூரிலும் பணம் பாய்ந்ததால் தேர்தல் நாள்களே நிறுத்தப்பட்டன. சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊரை அடுத்த மண்ணின் பெயர், கையூட்டு முறைக்கு வழங்கும் பெயராயிற்று. உறையை வாங்கியவன் வாய் ஐந்தாண்டுக்கு மூடுகின்றது. உறை கொடுப்பதன் நோக்கமே அதுதான். கேட்பவனுக்கு உல்கு குறைகின்றது. கேளாதவனுக்கு உறை கிடைக்கின்றது.

2024இல் முதன்முறையாக ஒப்போலை அளித்த என் மகன், வீட்டிற்கு வந்த துண்டறிக்கைகளை என் முன் பரப்பினான். தெருவிளக்கு இருந்தது; சாலை இருந்தது; தலைவர் படங்கள் நிறைய இருந்தன. ஏற்றுமதி, இறக்குமதி பற்றி ஒரு வரியும் இல்லை. நாடாளுமன்றத்திற்கு ஆள் அனுப்பும் தேர்தலுக்கு ஊராட்சித் தேர்தலின் துண்டறிக்கை!

“உல்கு மாநிலத்தின் கையில் இல்லையே, நம்மவர் என்ன செய்வார்?” என்று சிலர் தப்பிக்கப் பார்ப்பர். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், நடுவணரசுப் பட்டியலின் 41ஆம் எண் அயல்நாட்டு வணிகத்தையும், 83ஆம் எண் ஏற்றுமதி உல்கு உள்ளிட்ட சுங்க வரிகளையும் தில்லிக்கே கொடுத்துவிட்டன என்பது மெய். அதனாலன்றோ நாடாளுமன்றத்திற்குச் செல்பவனை முதலில் இதனைக் கேட்க வேண்டும்! இழந்த உரிமையைக் கேட்பதற்கே வாய் வேண்டும். வைத்திருக்கும் உரிமைக்குப் பூட்டுப் போதும்.

ஆதலால், தமிழர்களே, அடுத்து உங்கள் வாயிலில் கைகூப்பி நிற்கும் வேட்பாளனிடம் மூன்று வினாக்களை வினவுங்கள். தமிழகப் பண்டங்களைத் தொடும் வணிக உடன்படிக்கை எதுவும் கையெழுத்தாகு முன் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டுமென நாடாளுமன்றத்தில் எழுந்து பேசுவாயா? குசராத்து வெங்காயத்திற்குக் கிடைத்த இசைவு, நம் உழவர் விளைபொருளுக்கு ஏன் இல்லை என்று கேட்பாயா? மேல்வரியாகத் தில்லி திரட்டும் உல்கில் நம் பங்கைக் கோருவாயா? விடையை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரக் கூசுபவன் உறையை மட்டும் கூசாமல் நீட்டுவான்; அவனை அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

ஆசிரியர்களே, பட்டினப்பாலையைப் பொருள்கூறி முடித்துவிடாதீர்கள். அன்று புலிப்பொறி இட்ட கை எது, இன்று பொறி இடும் கை எது என்று மாணவனைக் கேளுங்கள். பெற்றோர்களே, பிள்ளையின் பள்ளிக்கட்டணம் திருப்பூரிலும், திருப்பூரின் கூலி அயல்நாட்டுத் தேர்தல் மேடையிலும் முடிவாகும் காலம் இது. விலைக்குப் போன ஒப்போலை பிள்ளைக்கு விட்டுச் செல்லும் கடன். வினாக் கேட்ட ஒப்போலையே விட்டுச் செல்லத்தக்க செல்வம்.

கேளாத இனத்திற்கு எவனும் கொடுத்ததில்லை. வாய் திறங்கள் தமிழர்களே!