செவிக்கு எழுதுவோர்

எழுதிப் பிழைத்தல் இயலாதென்பர் நம்மவர். இன்றோ வன்னி இளைஞர் வீட்டிலிருந்தவாறே, பொட்காஸ்ட் எனப்படும் இணைய ஒலித்தொடர்களுக்கு உரை எழுதிக்கொடுத்து ஊதியம் பெறலாம். இதனைப் பொழுதுபோக்கென எண்ணுதல் தவறு. இலங்கை வானொலியிற் பணியாற்றி, பின்னர் பீ.பீ.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' எனப் பெயரிட்ட சோ. சிவபாதசுந்தரம் அவர்கள் 'ஒலிபரப்புக் கலை' எனத் தனிநூலே எழுதினார்.

ஏடு படிப்போன் விளங்காதவிடத்து மீண்டும் படிப்பான். கேட்போனோ வயலிலோ வண்டியிலோ இருப்பான். தவறவிட்ட சொல்லைத் தேடித் திரும்பான். ஆதலின் வாக்கியம் சிறுகல் வேண்டும். எழுதியதை வாய்விட்டுப் படித்துத் திருத்திய பின்னரே அனுப்புதல் வேண்டும்.

இத்துணை உழைப்புக்கு நன்றியுரை மட்டும் கூலியாகாது. மாணவரே, எழுதத் தொடங்குமுன் ஊதியத்தை எழுத்திற் பெறுக. பழைய மாணவரே, நீவிர் நடாத்தும் ஒலித்தொடர்களுக்கு நம் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவிப்பீராக. உரிய கூலியும் அளிப்பீராக.