பேரேடும் பிறமொழியும்

நுழையும்முன்

குழந்தைக்கு ஆங்கிலத்தை எந்த வயதில் தொடங்குவது என்ற கேள்வி இன்று பல வீடுகளில் எழுகிறது. அதற்கு முன்பே எழ வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த மொழியை எந்த அடித்தளத்தின்மேல் எழுப்புவது? பிறமொழிகளோடு நெடுங்காலம் புழங்கிய செட்டிநாட்டின் பட்டறிவைத் துணைகொண்டு இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

கடல்கடந்த கணக்கு

வணிகத்தின்பொருட்டு வெளிநாடு செல்வதைச் செட்டிநாட்டில் ‘கொண்டுவிற்கப் போதல்’ என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை, வியட்நாம் முதலிய நாடுகளில் கடை வைத்து வட்டித்தொழில் நடத்தினர். அங்கே தொழில் பழகச் சேர்ந்த சிறுவனுக்குப் ‘பெட்டியடிப் பையன்’ என்று பெயர். அவன் படிப்படியாக அடுத்தாளாகவும் மேலாளாகவும் உயர்ந்தான்.

உழவரிடம் பேசப் பர்மிய மொழி வேண்டும். ஆங்கிலேயர் வங்கியில் கடன் பெற ஆங்கிலம் வேண்டும். ஆயினும் கடையின் பேரேடும் ஐந்தொகையும் தமிழிலேயே எழுதப்பட்டன. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடமாகக் கற்ற தலைமுறை அது. கணக்கும் எழுத்தும் தாய்மொழியில் உறுதிப்பட்டிருந்தமையால், பிறமொழி அவர்களுக்கு மேலும் ஒரு கருவியாக வந்து சேர்ந்தது. அம்மொழியைப் பேசுவதற்கு ஆளும் இருந்தனர். பேசவேண்டிய தேவையும் இருந்தது. மொழி கற்பதற்கு வேண்டிய இம்மூன்றும் இன்றைய மழலையர் வகுப்பில் உள்ளனவா?

பெற்றோரின் விருப்பம்

காரைக்குடியைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து நாள்தோறும் காலையில் வேன்களில் குழந்தைகள் பள்ளிக்கு வருகின்றனர். கூலி வேலை செய்யும் பெற்றோரும் கடன்பட்டுக் கட்டணம் செலுத்துகின்றனர். இதனை ஆங்கில மோகம் என்று ஏளனம் செய்வது நேர்மையன்று. உயர்கல்வி, உயர்நீதிமன்றம், பெருநிறுவனப் பணி ஆகியவற்றின் வாயில்களில் ஆங்கிலம் நிற்பதை அவர்கள் தம் வாழ்விலேயே கண்டுள்ளனர். அவ்விருப்பத்தை மதித்தே தமிழக அரசும் 2012-13 ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகளைத் தொடங்கியது.

விருப்பம் நியாயமானது, அதனை நிறைவேற்றும் முறையில்தான் பிழை நேர்கிறது. ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்பிப்பது வேறு. ஆங்கிலம் அறியாத குழந்தைக்கு எல்லாப் பாடங்களையும் ஆங்கிலத்திலேயே கற்பிப்பது வேறு. “செடிக்கு வேர் எதற்கு?” என்று தமிழில் கேட்டால், வயலோரத்தில் வளரும் ஐந்து வயதுக் குழந்தை அழகாக விடை சொல்லும். அதே வினாவை ஆங்கிலத்தில் கேட்டால் வாய்மூடி நிற்கும். ‘இதற்கு ஒன்றும் தெரியவில்லை’ என்று ஆசிரியர் எண்ணக்கூடும். ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று குழந்தையே நம்பத் தொடங்குவது அதனினும் பெரிய இழப்பு.

இரு மொழிகளின் இயல்பு

தமிழில் எழுத்தைக் கண்டால் பெரும்பாலும் ஒலியைச் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் 26 எழுத்துகள் ஏறத்தாழ 44 ஒலிகளைச் சுமக்கின்றன. ‘புட்’, ‘கட்’ என்னும் ஆங்கிலச் சொற்களின் நடுவில் நிற்கும் உயிரெழுத்து ஒன்றே, ஒலியோ வேறு. தொடரமைப்பும் அவ்வாறே. ‘பள்ளிக்குப் போனேன்’ என்பதில் ‘கு’ உருபு பெயரின் பின்னே ஒட்டுகிறது. அவ்வேலையைச் செய்யும் ஆங்கிலச் சொல் பெயரின் முன்னே தனித்து நிற்கும். ‘போனேன்’ என்பதனுள் ‘நான்’ அடங்கியிருக்கிறது; ஆங்கிலத்தில் அதனை வெளிப்படக் கூறியே ஆக வேண்டும்.

எழுத்து ஒலியைக் குறிக்கிறது, ஒலி பொருளைத் தருகிறது என்னும் அடிப்படையைக் குழந்தை தன் மொழியில் ஒருமுறை உணர்ந்துகொண்டால் போதும். அவ்வுணர்வு அடுத்த மொழிக்கும் துணைசெய்யும். தாய்மொழியே தொடக்கக் கல்விக்கு உகந்தது என 1953 இல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கை கூறியது. இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்பதை நம் நாட்டின் 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் ஏற்றுள்ளது.

முந்தித் தொடங்கினால் போதுமா?

‘இளமையில் தொடங்கினால் எளிதாக வரும்’ என்பர். ஒலிகளைக் கேட்டு அப்படியே சொல்லும் ஆற்றல் குழந்தைகளுக்கு மிகுதி என்பது உண்மையே. ஆனால், வீட்டிலும் தெருவிலும் அம்மொழி ஓயாது ஒலிக்கும் இடத்தில்தான் அவ்வாற்றல் முழுப்பயன் தரும். வகுப்பறையில் மட்டும் ஆங்கிலம் கேட்கும் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவில் 8 வயதில் தொடங்கியவர்களையும் 11 வயதில் தொடங்கியவர்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். ஒரே அளவு மணிநேரம் பயின்றபின், பெரும்பாலான தேர்வுகளில் பிந்தித் தொடங்கியவர்களே முன்னின்றனர். தொடங்கும் வயதினும் கற்பிக்கும் முறையும் கேட்கும் வாய்ப்பும் முதன்மையானவை என்பது இதனால் விளங்கும்.

செய்யத் தக்கன

முதல் வகுப்பிலேயே ஆங்கிலம் இருக்கட்டும்; அது செவிக்கும் வாய்க்கும் உரியதாக இருக்கட்டும். பாட்டு, கதை, விளையாட்டு, எளிய கட்டளை ஆகியவற்றால் நாள்தோறும் சிறிது நேரம் கேட்கவும் பேசவும் வைத்தல் வேண்டும். அதற்குரிய பொருள்கள் நம்மைச் சுற்றியே உள்ளன. ஆத்தங்குடித் தளக்கற்களில் நிறங்களையும் வடிவங்களையும் சொல்லப் பழக்கலாம். சந்தைக் காய்கறிகளைக் கொண்டு எண்ணலாம், வாங்கலாம், விற்கலாம். புரியாத இடத்தில் ஆசிரியர் தமிழில் விளக்கத் தயங்கவேண்டா. தமிழில் பேசியதற்குத் தண்டத்தொகை வாங்கும் பள்ளி, ஆங்கிலத்தை வளர்ப்பதில்லை, அச்சத்தையே வளர்க்கிறது. தமிழில் சரளமாகப் படிக்கத் தொடங்கியபின் ஆங்கில எழுத்துப் பயிற்சியை விரிவாக்கலாம். இவற்றைச் செய்யத் தாமே தயக்கமின்றி ஆங்கிலம் பேசும் ஆசிரியர் தேவை. பயிற்சிக்கான செலவே இதில் முதற்செலவு.

காரைக்குடியை அடுத்த கோட்டையூர் இருவரை ஈன்றது. ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று, 1947 இல் காரைக்குடியில் கல்லூரி கண்ட வள்ளல் அழகப்பர். மற்றொருவர் தமிழ் நூல்களையும் இதழ்களையும் வாழ்நாளெல்லாம் திரட்டிய ரோஜா முத்தையா. அவர் திரட்டிய செல்வம் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகத் திகழ்கிறது. ஆங்கிலப் புலமைக்கும் தமிழ்ப் பற்றுக்கும் ஒரே ஊர் இடமளித்தது. ஒரு குழந்தையின் நெஞ்சமும் அவ்வாறே இரண்டுக்கும் இடமளிக்கும்.

மாணவர்களே! உங்கள் வீட்டிலும் ஆங்கிலப் புத்தகத்தைப் பொருள் புரியாமல் உரக்கப் படிக்கும் தம்பியோ தங்கையோ இருக்கலாம். அக்குழந்தையின் அருகில் அமருங்கள். படித்ததன் பொருளைத் தமிழில் கேளுங்கள். பிறகு அதனையே ஆங்கிலத்தில் சேர்ந்து சொல்லுங்கள். விடை தெரிந்தும் வாய்மூடி நிற்கும் ஒரு குழந்தை அன்று பேசத் தொடங்கும்.