முதுகெலும்பு ரண சிகிச்சையும் சீழும்

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையிலுள்ள ராஜபாட்டையில் அடிபட்டு முதுகெலும்பு முறிந்தோர் முண்டியம்பாக்கத்துக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ, சென்னைக்கோ கொண்டு செல்லப்படுகின்றனர். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் ஆரம்பிக்கப்பட்ட திட்டத்தின்படி, விபத்தில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைச் சர்க்கார் ஏற்கிறது. இது மெச்சத் தகுந்ததே. ஆயினும் முதுகில் போட்ட தையல் சீழ்ப்பிடிப்பது அந்த 48 மணிக்குள் அல்ல. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில், நோயாளி தன் கிராமத்துக்குத் திரும்பிய பிறகு.

சீழ்ப்பிடித்தால் தலைவிதி என்று ஒரு சாராரும், டாக்டரின் கவனக்குறைவு என்று மற்றொரு சாராரும் சொல்லிவிடுகின்றனர். இரண்டும் அவசரப் பேச்சு என்பது நமது அபிப்பிராயம். ஆபத்தில் பெரும்பகுதி கத்தி படுவதற்கு முன்பே நோயாளியின் உடலில் இருக்கிறது. அடக்கப்படாத நீரிழிவு, புகைப்பழக்கம், அதிக உடற்பருமன், போஷாக்கின்மை ஆகியவை ரணம் ஆறுவதைக் கெடுக்கின்றன. இவற்றுள் நீரிழிவே நம் ஜனங்களை மிகவும் வாட்டுவது. இந்தியாவில் ஏறக்குறைய 10 கோடிப் பேருக்கு அது உண்டென்று 2023-இல் வெளியான தேசிய ஆராய்ச்சி கூறுகிறது. அவர்களில் பலர் அதை அறியவும் மாட்டார்கள். எலும்பைப் பிணைக்க ஆணியும் கம்பியும் பொருத்தும்போது அபாயம் மேலும் கூடுகிறது. கிருமிகள் உலோகத்தின் மேல் மெல்லிய படலம் கட்டி அதனுள் பதுங்கிக்கொள்ளும். மருந்து அங்கே எளிதில் எட்டாது. பிறகு மறுபடியும் கத்திதான்.

விபத்தில் முறிந்த எலும்புக்குக் காத்திருக்க நேரமிராது. தட்டு விலகியதற்கோ, நரம்பு நெருக்கத்திற்கோ நாள் குறித்துச் செய்யும் சிகிச்சை பெரும்பாலும் அப்படியல்ல. கால் மரத்து மூத்திரம் தடைப்படுவது போன்ற அவசரம் இல்லாவிடில், சர்க்கரை அடங்கும்வரையில் நாள் தள்ளலாம். நான்கு வாரமாவது பீடியை விடலாம். நாள் தள்ளிய டாக்டரை ஜனங்கள் ஏசுவது வழக்கம். அவரை நாம் பாராட்டுவோம்.

ஆஸ்பத்திரியின் பொறுப்பும் சிறிதன்று. சவரக்கத்தியால் மயிர் மழிக்கலாகாதென்றும், கிருமி நாசினி மருந்தைக் கீறலுக்கு முந்திய 2 மணிக்குள் கொடுக்க வேண்டுமென்றும், தையல் முடிந்தபின் தடுப்புக்காக அதை நாட்கணக்கில் நீட்ட வேண்டியதில்லையென்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2016-இலேயே விதித்திருக்கிறது. இவற்றுக்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. சிகிச்சை நீண்டு ரத்தம் அதிகம் சேதமாவதும், சிகிச்சை அறையில் அநாவசியமாக ஆட்கள் வந்து போவதும் ஆபத்தைப் பெருக்குவனவே.

உலோகம் பொருத்திய ரணத்தை 90 நாள் வரையில் கவனித்துக் கணக்கெடுப்பது மேல்நாடுகளில் வழக்கம். திண்டிவனத்துக்கு அப்பால் ஒரு குக்கிராமத்தில் படுத்திருக்கும் கூலியாளின் முதுகைப் பார்ப்பவர் யார்? கட்டில் ஈரம் கசிந்தாலும் ஜுரம் கண்டாலும், பஸ் செலவுக்கும் ஒருநாள் கூலிக்கும் அஞ்சி அவர் பேசாதிருப்பார். 2021 ஆகஸ்டு முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தின் ஊழியர்கள் நீரிழிவு மாத்திரையுடன் வீடு வீடாகப் போகிறார்கள். அவர்கள் கையில் ரண சிகிச்சை பெற்றோரின் ஜாபிதாவையும் ஆஸ்பத்திரிகள் கொடுத்தனுப்பட்டும். ஒவ்வொரு ஜில்லா ஆஸ்பத்திரியும் வருஷத்துக்கு எத்தனை முதுகெலும்பு சிகிச்சை செய்தது, அதில் எத்தனை சீழ்ப்பிடித்தது என்ற கணக்கைப் பிரசுரிக்கட்டும். அதைக் கேட்டு வாங்குவது அந்தந்த ஊர் பொதுஜன ஊழியர்களின் கடமை.